காரில் இருக்கும் சின்னப் பற்றரி

ஹைபிரிட் கார் என்றால் கொழும்பில் உள்ள வசதியானவர்களுக்கு உரிய பொருள் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாடகைக்கு ஓடும் கார்களில் பல ஹைபிரிட் கார்கள்தான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஏற்கனவே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி நம்மைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தன. பெற்றோல் செலவு குறைவு என்பதால் அவற்றை விரும்பி வாங்கினோம். ஆனால் அவற்றைப் பற்றி நமக்குச் சொல்லித்தர ஆட்கள் குறைவாகவே இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் 2010இல் முகாமில் இருந்து வெளியே வந்து செட்டிகுளம் பக்கத்தில் எனது தாயாரின் காணியில் குடியேறினேன். கணவர் என்னுடன் வரவில்லை. அவரைப் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை. இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கக் கோழி வளர்த்தேன், தையல் தைத்தேன். பின்னர் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். 2018இல் வெளிநாட்டில் இருக்கும் தம்பி கொடுத்த பணத்தோடு, மிகுதிக்கு லீசிங் போட்டு, 2010ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ரொயோட்டா பிறியஸ் ஒன்றை வாங்கினேன். காலையில் ஆசிரியைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவது, வாரத்தில் சில நாட்கள் சிறுநீரக நோயாளர்களை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிச் செல்வது, இவைதான் எனது தொழில்.

இந்தக் காரில் இரண்டு பற்றரிகள் இருக்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று பெரியது. பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஏறத்தாழ 200 வோல்ற் வலு உள்ளது. காரை நகர்த்துவதற்கும் இயந்திரத்தை இயக்கி வைப்பதற்கும் இதுதான் வேலை செய்கிறது. மற்றது சின்னது. எல்லா வாகனங்களிலும் இருப்பது போன்ற 12 வோல்ற் பற்றரி. எனது காரில் அது டிக்கியின் வலப்பக்க மூலையில், தட்டுக்குக் கீழே மறைந்திருக்கிறது. கதவுப் பூட்டு, விளக்குகள், காருக்குள் இருக்கும் கணினிகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சின்னப் பற்றரிதான் மின் கொடுக்கிறது. இது கணினிகளை எழுப்பி, உள்ளே இருக்கும் ஒரு ஆளியை மூடினால்தான் பெரிய பற்றரியின் மின்சாரம் வெளியே வரும். ஆகவே சின்னது செத்துவிட்டால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் அசையாது.

எங்கள் தகப்பன்மார் காலத்து மொறிஸ், ஒஸ்ரின் கார்களை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி போனால் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் போதும். ஹைபிரிட் காரைத் தள்ளி இயக்க முடியாது. சின்னப் பற்றரி முற்றாக இறங்கினால் கியர் ‘பி’யில் பூட்டப்பட்டபடியே நிற்கும். சக்கரம் உருளாது. இழுத்துச் செல்வதென்றால் முன் சக்கரங்களைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தபின்னர்தான் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் எனது காரில் இருந்த கொஞ்சப் பெற்றோலையும் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, காரை மாமரத்துக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவைச் சில தடவைகள் அவரது மகனின் நண்பர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். பிறகு அவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை.

“பிள்ளை, நாளைக்கு விடிய நீதான் என்னைக் கொண்டு போகவேணும். தவறினால் எனக்கு மூச்சு முட்டும்” என்று அந்த அம்மா சொன்னார். பின்னேரமே காரைப் பார்ப்போம் என்று போனேன். திறப்பின் பொத்தானை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. திறப்புக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்துச் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் இல்லை.

ஊரில் இருந்த கராஜ்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் வந்து பார்த்தார், பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. “அக்கா, பெரிய பற்றரி முடிஞ்சுது. பழைய காரெண்டா இப்பிடித்தான். பல இலட்சம் வரும். காரை என்னட்டை விடுங்கோ, பாத்துச் செய்து தாறன்” என்றார். லீசிங் தவணையே கட்ட வழியில்லாமல் இருந்த நேரம் அது. எனது கைகால்கள் சோர்ந்துவிட்டன. ஆனாலும் உடனே சரியென்று சொல்ல மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்த ஒரு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, டாஷ்போட்டில வெளிச்சம் ஏதும் வருதோ?” என்பதுதான். ஒன்றும் இல்லை என்றேன். “அப்ப முதல்ல சின்னதைப் பாருங்கோ. பெரியது பழுதெண்டால் வெளிச்சமெல்லாம் வரும், அதோட சிவப்பு முக்கோணமும் வரும். ஒண்டுமே வராமல் இருட்டாக் கிடந்தால் அது அனேகமாச் சின்னப் பற்றரிதான்” என்றார்.

இந்த ஒரு வேறுபாட்டைச் சகோதரிகள் எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பெண்தானே, தெரியாதுதானே என்று நினைத்துப் பெரிய செலவைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான தொழிலாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும், “எதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லுறியள்?” என்று நாம் கேட்கலாம். பெரிய பற்றரியைச் சோதிக்க அதற்குரிய கணினிக் கருவியைக் காரில் பொருத்திப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

டிக்கியும் மின்சாரத்தால்தான் திறக்கும். மின் இல்லாதபோது அங்கே இருக்கும் பற்றரியை எட்டுவது சிரமம். ஆனால் எனது காரில் பொனற்றுக்குக் கீழே, பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கிறது. வெளியில் இருந்து மின் கொடுப்பதற்கென்றே வைத்த இடம் அது. இன்னொரு கார் தேவைப்படுமே என்று நான் கவலைப்பட்டேன். “தேவையில்லை அக்கா. இந்தக் காரை எழுப்ப அதிக மின் வேண்டாம். கணினி முழிச்சால் போதும். ஓட்டோப் பற்றரியும் காணும்” என்றார் தம்பி.

முன்வீட்டு அண்ணரின் ஓட்டோவும் பெற்றோல் இல்லாமல் நின்றது. அவர் 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செய்தோம். முதலில் சிவப்பு வயரைக் காரின் சிவப்பு முனையில் பூட்டி, மறு நுனியை ஓட்டோப் பற்றரியின் சக முனையில் பூட்டினோம். பிறகு கறுப்பு வயரைப் பற்றரியின் சய முனையில் பூட்டி, மறு நுனியைக் கடைசியாக, இயந்திரப் பகுதியில் வர்ணம் பூசாத ஒரு இரும்பில் பிடித்தோம். சில நிமிடம் பொறுத்து, பிறேக்கை நன்றாக மிதித்துப் பொத்தானை அழுத்தினேன். பச்சை நிறத்தில் ‘ரெடி’ என்ற எழுத்து வந்தது. உடனே வயர்களைத் தலைகீழ் ஒழுங்கில் கழற்றினோம். அந்த அம்மா வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். காரை ஒரு மணித்தியாலம் அப்படியே ‘ரெடி’யில் விட்டேன். அடுத்தநாள் விடியற்காலை அவர் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வயர் மாறிக் கொடுத்தால் விளைவு பெரிது. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் பியூஸ் எரிவதோடு விலை கூடிய மின் பாகங்களும் பழுதாகலாம். அதனால் இருட்டில் செய்யாதீர்கள். ரோச் லைற் பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுவதற்கு முன்னர் முனைகளில் உள்ள சக, சய அடையாளங்களை இருவரும் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அதேபோல வேறு வாகனம் நின்றுவிட்டால் உங்கள் ஹைபிரிட் காரில் இருந்து மின் கொடுக்கப் போகாதீர்கள். டீசல் வாகனத்தின் ஸ்ராட்டருக்குத் தேவையான பெருமளவு மின்னைக் கொடுக்கும்படி இந்தச் சின்னப் பற்றரி செய்யப்படவில்லை.

இனி, இந்த நிலை வராமல் காப்பது பற்றி. நான் அன்றிலிருந்து செய்பவற்றைச் சொல்கிறேன்.

கார் நிற்கும்போதும் அதன் கணினிகளும் திறப்பைத் தேடும் கருவியும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னைக் குடிக்கின்றன. ஆகவே ஓட்டமில்லாத காலத்தில் வாரம் ஒருமுறை அரை மணித்தியாலமாவது காரை ‘ரெடி’யில் வைக்கிறேன். ஓடினால் இன்னும் நல்லது. இங்கே ஒரு விடயம் முக்கியம். பிறேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினாலும் விளக்குகள் எரியும், வானொலி பாடும். ஆனால் ‘ரெடி’ வராது. அந்த நிலையில் சின்னப் பற்றரிக்கு மின் ஏறாது, இறங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் காருக்குள் இருந்து பாட்டுக் கேட்பதாக இருந்தாலும் இதைப் பாருங்கள்.

‘ரெடி’யில் கார் சத்தமில்லாமல் நிற்கும். நிறுத்தி இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தேவைப்படும்போது இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கும். அதனால் மூடிய கொட்டகைக்குள் அப்படி விடாதீர்கள், புகை உயிருக்கு ஆபத்து. ‘பி’யில் போட்டு, கைப்பிறேக்கும் இழுத்து, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

திறப்பைக் காருக்கு அருகில் உள்ள சுவரில் தொங்கவிடாமல் வீட்டின் உட்பக்கத்தில் வையுங்கள். இறங்கும்போது உள்விளக்கு, டிக்கி, கதவு எல்லாம் சரியாக மூடியுள்ளதா என்று பாருங்கள். மரநிழலில் நிறுத்துங்கள். வன்னி வெயில் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும்.

இரும்புக் கடையில் ஒரு சாதாரண மின் மீற்றர் வாங்கி வைத்திருக்கிறேன். கார் பல மணித்தியாலம் நின்ற பின்னர் அளந்தால், நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12க்குக் கீழே போனால் மிகவும் இறங்கிவிட்டது. மின் ஏற்றியும் சில நாட்களில் திரும்பத் திரும்ப இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ‘ரெடி’யில் அளக்கும்போது 14 வோல்ற் அளவில் காட்டினால் மின் ஏறுகிறது என்று அர்த்தம்.

புதிதாக வாங்கும்போது சாதாரண காருக்குரிய பற்றரியை ஏதோ ஒன்றாகப் போட விடாதீர்கள். எனது காரில் அது ஆட்கள் இருக்கும் பகுதிக்குள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்தும் வகை வேண்டும். பழைய பற்றரியின் வகையையும் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்றுவழி பின் இருக்கையின் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் பையையோ சேலையையோ போட்டு மூடாதீர்கள். நமது கிரவல் வீதித் தூசி அதில் அடைபடும். சேவிஸ் செய்யும்போது துப்புரவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோல் முற்றாகத் தீரும்வரை ஓடாதீர்கள். பெற்றோல் தீர்ந்த பின்னும் பெரிய பற்றரியில் இழுத்துக்கொண்டு போனால் அதுவும் இறங்கிவிடும். அதற்கு வீட்டில் இருந்து மின் ஏற்ற வழியில்லை. செம்மஞ்சள் நிற வயர்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது உயிரெடுக்கும் மின். பயிற்சி பெற்றவர்களே அதில் கை வைக்க வேண்டும்.

பின்னர் நகரத்தில் உள்ள வேறொரு இடத்தில் கருவி பொருத்திப் பார்த்தபோது எனது பெரிய பற்றரி நல்ல நிலையில் இருப்பது தெரிந்தது. சின்னதை மட்டும் மாற்றினேன். முதலில் சொன்ன இலட்சங்களோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். அந்தப் பணத்துக்கும் இரண்டு கோழிக்கூட்டை விற்றேன் என்பது வேறு கதை.

இப்போது எங்கள் மாதர் சங்கத்தில் வாகனம் வைத்திருக்கும் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சோடி ஜம்பர் வயரும், ஒரு மின் மீற்றரும் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் காரை மற்றவர் அளந்து கொப்பியில் எழுதுகிறோம். மீற்றர் பிடிக்கத் தெரியாது என்று ஒதுங்கி நின்ற ஒரு தங்கச்சி போன மாதம் தனது தமையனின் ஓட்டோப் பற்றரியையும் அளந்து, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. உங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்தால் இதைச் செய்யலாம். வயரின் தடிப்பைப் பார்த்து வாங்குங்கள், மெல்லிய வயர் சூடேறும்.