ஐஸ் ஹவுஸ் பிழைத்தது, மூர் மார்க்கெட் போயிற்று

ஐஸ் கட்டியைப் பத்திரமாக வைப்பதற்கென்றே மெட்ராஸ் கடற்கரையில் 1842இல் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் வந்து அங்கே இறங்கியது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது அந்த வளைந்த முகப்பைக் காட்டி, "இத்தனை ஜன்னல் இருந்தா ஐஸ் உருகாதாப்பா?" என்று கேட்டேன். "ஜன்னலெல்லாம் பின்னால வாங்கின வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வெச்சதுடா" என்றார் அப்பா. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அது ஐயங்கார் வீடாக இருந்தபோதுதான். ஐஸ் வியாபாரம் செத்த பிறகும் அடுத்தடுத்து ஆள் குடிவந்ததால் கட்டடம் பிழைத்தது.

சஃபையர் தியேட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே வளாகத்தில் சஃபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர் இருந்தது. புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடும். பாதியில் நுழைந்து, விட்ட பாதியை அடுத்த ஆட்டத்தில் பார்த்துவிட்டு எழுந்து வரலாம். வெயிலுக்கு ஒதுங்கவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. நானும்தான்.

ஆனால் மனசு போய் நிற்பது மூர் மார்க்கெட்டில். சென்ட்ரலை ஒட்டி, 1900இல் திறந்த செங்கல் சிவப்புக் கட்டடம். உள்ளே பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், மீன் தொட்டி. கடைக்காரர் சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்டு, நகர்வதுபோல் நகர்ந்தால், "வா தம்பி, எடுத்துக்கோ" என்று குரல் வரும். அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்களும் அட்லஸும் அங்கே வாங்கியவைதான். பழைய காகித வாசனையும் பறவைக் கூண்டின் நெடியும் கலந்த அந்தக் காற்றை வேறெங்கும் நான் சுவாசித்ததில்லை. 1985 மே மாதம் தீப்பிடித்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்துவிட்டது. புறநகர் ரயில் அட்டவணையில் மட்டும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணா சாலையில் எல்.ஐ.சி.க்கு அருகே பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1897இல் ஒரு மருந்து வியாபாரி கட்டியது. கோபுரமும் வளைவுமாக அரண்மனைபோல் இருக்கும். 2006இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நீதிமன்றம் போய் நிறுத்தியது. நிறுத்தினால் மட்டும் போதாது, ஐஸ் ஹவுஸுக்குக் கிடைத்ததுபோல் அதற்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். நூலகமாக்குங்கள், பழைய புத்தகக் கடைகளுக்கு விடுங்கள். பூட்டி மட்டும் வைக்காதீர்கள்.