வறட்சி, இயக்கம், பாக்கி

பிரதேசங்களைப் பற்றிய அறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. முதலில் பரப்பளவு, பிறகு மழை, மண், மக்கள்தொகை, பயிர், கனிமம், தொழில். கடைசியில், இடம் மிச்சமிருந்தால், சமூகம் பற்றி இரண்டு பத்திகள். வங்கி குமாஸ்தாவாக இருப்பதால் மாவட்டக் கடன் திட்ட அறிக்கையை ஆண்டுதோறும் புரட்ட நேர்கிறது. ஆங்கில இலக்கியம் படித்த பழக்கதோஷத்தில் அதை உரைநடையாகவும் வாசித்துவிடுகிறேன். ஒரு கவிதையில் எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிற விமர்சகன், அறிக்கையிடமும் அதையே கேட்கலாம் என்று தோன்றுகிறது.

நாமக்கல், 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டி. காவிரி இருக்கிறது, ஆனால் ஓரமாகப் போகிறது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில்தான் நிற்கிறது. அதன் தண்ணீரில் பெரும்பகுதி தஞ்சைக்கு உரியது. ராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் வாழை, வெற்றிலை, கரும்பு. உள்ளே வந்துவிட்டால் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் மேட்டாங்காடுதான்: சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, குச்சிக்கிழங்கு.

இந்த மண்ணிலிருந்து கிளம்பிய பொருளாதாரத்தில் ஒரு விசித்திரமான தர்க்கம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, துளைக்கிற தொழில் மேலே வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் எல்லாப் பக்கமும் போய்த் துளைக்கின்றன. சில ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கின்றன. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். காட்டை விற்று வண்டி வாங்கியவர்கள் உண்டு. வண்டிக்கு மழை வேண்டாம், மாதா மாதம் டியூ கட்டினால் போதும். கோழிக்கும் மழை வேண்டாம். மக்காச்சோளமும் சோயாவும் வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வருகின்றன, முட்டை அதே போலப் போகிறது. வறட்சி இங்கே மனிதர்களை உட்காரவைக்கவில்லை, கிளப்பிவிட்டது. அறிக்கை இதைத் தொழில்முனைவு என்று சொல்கிறது. தப்பில்லை. ஆனால் யாருடைய முனைவு, யாருடைய கை என்று அது கேட்பதில்லை.

இந்த மாதிரி அறிக்கையொன்றை மூரித்தானியா பற்றியும் படித்தேன். மேற்கு ஆப்பிரிக்கா. 1960-ல் பிரான்ஸிடமிருந்து விடுதலை. 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம், பெரும்பாலும் ஸஹாரா. வடக்கில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தொடாது. அதன் பக்கத்தில் வைத்தால் நாமக்கல் ஒரு தோப்பு. 1970-களின் பெரும் பஞ்சம் ஒட்டகத்தோடும் ஆட்டோடும் அலைந்துகொண்டிருந்தவர்களை நகரத்துக்குத் துரத்தியது. சில ஆயிரம் பேருக்கென்று திட்டமிட்ட தலைநகர் நுவாக்சோட்டில் இன்று 10 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். ஸூவேரத்தில் வெட்டிய இரும்புத்தாது ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து நுவாதிபு துறைமுகத்துக்கு ரயிலில் போகிறது. வண்டியின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். 1974-ல் அந்தச் சுரங்கத்தை அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக் கஞ்சமலையிலும் இரும்பு இருக்கிறது. மலை அப்படியே நிற்கிறது. அங்கே தாது ஊரைவிட்டுப் போகிறது, இங்கே மனிதன் போகிறான்.

அந்த நாட்டு அறிக்கை மறைக்க முடியாத ஒன்று உண்டு: அடிமை முறை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஹராத்தீன் என்று அழைக்கப்படுகிறவர்கள் அப்படி இருந்தவர்களின் சந்ததி. 1981-ல் ஓர் ஆணை அதை ஒழித்தது. உலகத்திலேயே கடைசியாக ஒழித்த நாடு என்று பெயர். அந்த ஆணை உரிமையாளர்களுக்கு நஷ்டஈடு பற்றிப் பேசியது, அடிமை வைத்திருப்பவனுக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அது குற்றமாவதற்கு 2007 ஆக வேண்டியிருந்தது. அரபு உலகத்தில் மூரித்தானியாவைப் பத்து லட்சம் கவிஞர்களின் நாடு என்று பெருமையாகச் சொல்வார்கள். கவிதை பெருகியிருப்பதற்கும் அடிமை இருப்பதற்கும் ஒன்றோடொன்று சங்கடம் ஏதும் இருக்கவில்லை என்பதை இலக்கியவாதிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதைப் படித்து நாம் ஆறுதல் அடைவதற்கு ஒரு தேதி கையில் இருக்கிறது. அவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 1976-ல், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்துச் சட்டம்; 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. கொத்தடிமைக் கடன் எல்லாம் தீர்ந்ததாகக் கருதப்படும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. உரைநடை என்ற அளவில் அதைவிடக் காரியார்த்தமான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

கொங்குப் பண்ணயத்தில் ஆடு மேய்த்த பையன்களின் வாழ்க்கை அந்த வாக்கியத்துக்கு வெளியேதான் வெகுகாலம் இருந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டில் கவுண்டர் வீடுகளில் ஆளாக விடப்பட்ட சக்கிலியச் சிறுவர்களைப் பற்றியது. அந்த நாவலின் பலம், அடிமைத்தனத்தை அது ஒரு பிரச்னையாக நிறுத்திக் காட்டாமல், வெயிலும் ஆடும் விளையாட்டும் கலந்த அன்றாடமாக வைத்திருப்பது. மாவட்ட அறிக்கைகளில் வராத ஒரு மாவட்டம் அதில் இருக்கிறது. அங்கே பிறப்பு, இங்கே கடன் என்று வித்தியாசம் பிரித்துச் சொல்லலாம். ஆனால் இந்தக் கடன் எந்த ஜாதிக்குள் போய்ப் பிறக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு சுத்தமாக இல்லை.

பண்ணயம் குறைந்துவிட்டது. சொல் மாறியிருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் அதற்குப் பெயர் பாக்கி. வேலைக்குச் சேரும்போது பட்டறைக்காரர் முன்பணம் தருகிறார். பெரும்பாலும் வட்டி கிடையாது, கூலியில் பிடிப்பதும் அபூர்வம். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் முழுத்தொகையும் கீழே வைக்க வேண்டும். புது முதலாளி அதைக் கட்டுவார், பாக்கி அவர் பெயருக்கு மாறும். ஆள் தட்டுப்பாட்டில் தொழிலாளியே பேரம் பேசி அதிகம் கேட்பதும் உண்டு. வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்று முதலாளிகள் புலம்புவதும் உண்டு. வெறும் கொடுமை என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் போய்விடும். தமிழில் பாக்கி என்றால் மீதி. கொடுக்கும்போதே மீதி என்று பெயர் பெற்றுவிடுகிற பணம் இது ஒன்றுதான்.

தறி ஓட்டுகிற ஒருவர் எங்கள் கிளைக்கு வந்து, பாக்கி கட்டக் கடன் கிடைக்குமா என்று கேட்டார். அவர்கிட்ட வட்டி இல்லையே, எங்ககிட்ட வட்டி கட்டணுமே என்றேன்.

"கட்டறனுங்க சார். உங்ககிட்ட வாங்குனா எங்க வேணாலும் வேலைக்குப் போலாமுங்களே."

நகை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கும்படிதான் விதி.

"நகை இருந்தா பாக்கி எதுக்குங்க வாங்கறன்?"

விண்ணப்பத்தில் கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. கறவை மாடு, கோழிப்பண்ணை, வாகனம், கல்வி, மருத்துவம் என்று எதையாவது எழுதலாம். இன்னொரு முதலாளியிடம் போகும் உரிமை என்று எழுத வழியில்லை. பட்டறைக்காரருக்குத் தறி வாங்க நாங்கள் கொடுத்த கடன் பேரேட்டில் இருக்கிறது. ரிக்குக்கும் லாரிக்கும் கொடுத்தது இருக்கிறது. அந்தத் தறியில் நிற்பவர் வாங்கிய பாக்கி பட்டறைக்காரரின் சிறு நோட்டில் மட்டும். மாவட்டத்தின் பொருளாதாரம் என்று நாங்கள் கூட்டிக் காட்டுகிற தொகைக்குள் அது வருவதேயில்லை. வராத ஒன்றை எந்தச் சட்டம் வந்து தீர்க்கும்?

மூரித்தானியாவைப் பாலைவனம் என்றும் நாமக்கல்லை முன்னேற்றம் என்றும் சொல்லி முடிப்பது சுலபம். இரண்டு இடங்களிலும் வறட்சி ஒரு காரணமாக முதல் பத்தியில் நின்றுகொண்டு, மற்றதையெல்லாம் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறது. மழையளவு முதல் பத்தியிலேயே இருக்கட்டும். இரண்டாவது பத்தியில் பாக்கி வர வேண்டும். குச்சிக்கிழங்கும் முட்டையும் அப்புறம் வரலாம்.