உம்மம்மாவின் ஓட்டுக் கணக்கு

புரட்டாசி மாதத்து உச்சி வெயிலில், ஜன்னல்களையெல்லாம் அடைத்துக் கதவுகளையும் சாத்திவிட்டு, இருண்ட வீட்டினுள் ஒரு மூதாட்டி அண்ணாந்து பார்த்தபடியே அறை அறையாக நடந்து செல்வதைக் கண்டால் அயலார் என்ன எண்ணுவரோ, நாமறியோம். காயல்பட்டினத்தில் நாம் பிறந்து வளர்ந்த வீட்டில் அது ஆண்டுதோறும் நடைபெற்ற காரியம். உம்மம்மாவின் கையில் ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கும். கூரையின் இடுக்கு வழியே தரையில் எங்கே ஓர் ஒளிப்பொட்டு விழுகிறதோ, அங்கே குனிந்து ஒரு வட்டமிடுவார். நம் கடற்கரையில் அந்நாள்களில் கதிரவன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதால், வட்டத்துக்கு மேலே பார்த்தால் பொத்தல் புலப்பட்டுவிடும். லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். பிறகு வட்டங்களை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவார்.

அந்த நோட்டு அரபுத்தமிழில், பென்சிலால் எழுதப்பட்டது. எந்த அறை, கிழக்கிலிருந்து எத்தனையாவது கைமரம், எத்தனை ஓடு மாற்றியது, மேஸ்திரிக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருந்தன. முதல் மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை பார்ப்பார். அப்போது அவர் தேடுவது ஒளியையன்று, கைமரத்தில் படிந்த ஈரக்கறையை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் ஓடுகளில், மேலோட்டின் மறைவிலே உள்ள விரிசல் வெளிச்சத்துக்கு அகப்படாது. தண்ணீருக்கு மட்டுமே அகப்படும். சொட்டு விழும் இடத்துக்கு மேலேயே ஓட்டை இருக்கும் என்பதும் இல்லை. நீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முழம் ஓடிவந்து, தனக்கு வசதியான இடத்தில்தான் சொட்டும்.

நம் ஊரில் வீடு பெண்மக்களுக்கு உரியது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் கொழும்பிலும் சென்னையிலும் கடை வைத்திருந்தார்கள். பெருநாளுக்கு வந்து, வீட்டின் முகப்பைப் பார்த்துச் சுண்ணாம்பு அடிக்கப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூரையை அறிந்தவர்கள் அதன் கீழே படுத்திருந்த பெண்களே. இதை நாம் உணர்ந்துகொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது.

சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டைப் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரை அடுத்த ஜெப்புவில் 1865-ஆம் ஆண்டு தொழிற்சாலை நிறுவிச் செய்யத் தொடங்கினார். பின்னர் கோழிக்கோட்டுப் பக்கத்து ஃபெரோக்கிலும் ஓட்டுச் சூளைகள் பெருகின. நம் வீட்டு ஓடுகளின் அடிப்புறத்தில் ஃபெரோக் என்ற எழுத்துகள் புடைத்து நிற்கும். சிறு வயதில் நாம் ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்த முதற் சொற்களில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய 16 அங்குல நீளம், 10 அங்குல அகலம், இரண்டரைக் கிலோ எடை. நூறு சதுர அடிக்கு நூற்றைம்பது ஓடு வேண்டும். ஓட்டின் அடியிலுள்ள குமிழ் சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். பக்கத்து விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். அவ்வளவே அதன் கட்டு. ஆணியுமில்லை, சாந்துமில்லை. வெயிலில் காய்ந்து, திடீர் மழையில் குளிர்ந்து, ஒவ்வோர் ஓடும் தன் இடத்தில் சற்று அசைந்து கொடுக்கிறது. உள்ளிருக்கும் வெக்கையும் அந்த இடுக்குகளின் வழியாகவே வெளியேறுகிறது. முகட்டு ஓட்டுக்கு மட்டுமே சாந்து. அதுவும் சுண்ணாம்புச் சாந்து.

உப்பங்காற்றில் முதலில் உயிர் விடுவது ஓடன்று, ஆணியும் தகரமுமே. இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாயில் பதித்த தகரம், மேலே பார்க்கையில் பளபளத்தாலும், வேப்பிலைச் சருகு மக்கிக் கிடக்கும் அடியில் துருவேறிச் சல்லடையாகிவிடும். வேகாத ஓடும் உப்பைக் குடித்து ஏடு ஏடாக உதிரும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று இறவாரத்து ஓட்டை எழுப்பிப் பார்க்கும். தேங்காய் விழுவதையும் பூனைகளின் இரவுப் போரையும் கணக்கில் சேர்க்கவில்லை.

உம்மம்மா காலத்து மேஸ்திரி வெறுங்காலோடு, ஓடு சூடேறுமுன் காலையிலேயே மேலே ஏறுவார். ஈரம் இருந்தால் ஏறமாட்டார். கால் வைப்பதும் கண்ட இடத்தில் அன்று: ஒரு ஓட்டின் கீழ்விளிம்பு அடுத்ததன் தலைமேல் அமர்ந்து, இரண்டுக்கும் அடியில் சட்டம் தாங்கி நிற்கும் இடத்தில்தான். புது ஓட்டை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். வெண்கலம் போல ஒலித்தால் கூரைக்கு. மந்தமாக ஒலித்தால் கோழிக்குத் தண்ணீர் வைக்க.

1994-இல் உம்மம்மா மௌத்தானார். வீடு நம் லாத்தாவுக்கு ஆயிற்று. லாத்தா பல ஆண்டு அதே வழக்கத்தைத் தொடர்ந்தார். பழைய மேஸ்திரியும் போனபின், வருவதற்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 2019-இல் நாம் சென்னையிலிருந்து தொலைபேசியிலேயே ஒரு தீர்ப்பு வழங்கினோம். ஆண்டுக்காண்டு இந்தத் தொல்லை எதற்கு? விரிசலையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசிவிடுவது. கூடல்வாயின் இருகரையையும் சிமெண்டால் அடைத்துவிடுவது.

"உம்மம்மா கூரைமேலே சிமெண்டை ஏத்த விட்டதே இல்லையே, தம்பி" என்றார் லாத்தா.

"அந்தக் காலம் வேறே லாத்தா" என்றோம். பணத்தை அனுப்பினோம். அந்தப் புரட்டாசியில் தரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் விழவில்லை என்று கேட்டு மகிழ்ந்தோம். வீடு முன்னிலும் வெக்கையாக இருக்கிறது என்று லாத்தா சொன்னதை வயோதிகத்தின் மேல் போட்டோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இரவை நம் ஊரார் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர். தெருவில் ஏறிய வெள்ளம் முற்றத்துக்குள் வந்ததற்குக் கூரையைக் குறை சொல்ல இயலாது. ஆனால் மேற்கறைப் பரணில் மேலிருந்து இறங்கிய நீருக்கு நாமே பொறுப்பாளி. நாம் அடைக்கச் சொன்ன சிமெண்டு, கூடல்வாயில் அணைக்கட்டாகி நின்றது. சருகு அதில் தேங்க, நீர் எழும்பித் தகரத்தின் விளிம்பைத் தாண்டி, ஓடுகளுக்கு அடியில் புகுந்துவிட்டது.

பரணில் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. வாப்பா கொழும்பிலிருந்து உம்மாவுக்கு முப்பதாண்டுக் காலம் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. உம்மம்மா ஓதிவந்த கையெழுத்து மாலைகள் இரண்டும் இருந்தன. ஊருக்கு வழி திறந்து நாம் போய்ச் சேர்ந்தபோது லாத்தா அவற்றை வெயிலில் விரித்து வைத்திருந்தார். வாப்பா மையினால் எழுதியவர். தாள்கள் யாவும் நீலம் பாரித்திருந்தன. ஒரு வரி தேறவில்லை. லாத்தா நம்மை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தப் பெட்டியில் பிழைத்தது ஓட்டுக் கணக்கு மட்டுமே. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. நமக்கு அரபுத்தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். லாத்தா வாசிக்க நாம் கேட்டோம். மேற்கறை, கூடல்வாய்க்குத் தெற்கே மூன்றாம் கைமரம் என்ற குறிப்பு ஆண்டு தவறாமல் வந்துகொண்டேயிருந்தது. ஓரிடத்தில், அந்த மரம் வளைந்திருப்பதால் ஓடு சரியாக அமர்வதில்லை, ஆகவே சருகை மாதம் ஒருமுறை தள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

2024 கோடையில் அந்தப் பக்கத்துக் கூரையைப் பிரித்தோம். மூன்றாம் கைமரத்தின் தலை, விரலால் அழுத்தினால் பொடியாகுமளவு உளுத்திருந்தது. சிமெண்டு பூசிய ஓடுகளில் பெரும்பாலானவை பூச்சுக்கு அருகிலேயே புதிதாக வெடித்திருந்தன. ஓடும் சிமெண்டும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. அசைய முடியாத ஓடு உடைகிறது. அவற்றைத் தனித்தனியே மாற்றவும் வழியில்லை. ஒன்றை எழுப்பினால் நான்கு கூடவே வந்தன.

அப்போது உறவினர் பலர், எல்லாவற்றையும் இடித்துத் தளம் போட்டுவிடுங்கள் என்றனர். லாத்தாவின் பேத்திக்கு நிக்காஹ் பேசிவரும் நேரம். வீடு அவளுக்குப் போகவிருப்பது. நாமும் ஒரு கணம் சபலப்பட்டோம். ஆயினும் இதே தெருவில் தளம் போட்ட வீடுகளில், உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, காங்கிரீட்டை வெடித்துத் தள்ளியிருப்பதைக் கண்டிருக்கிறோம். ஓட்டில் பழுது வந்தால் ஓர் ஓட்டோடு போகும். இம்முறை நாம் தீர்ப்பு வழங்கவில்லை. லாத்தாவும் அவர் மகளும் பேத்தியும் மேற்கறையில் அமர்ந்து பேசினார்கள். ஓடே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

சூளைகள் பல மூடப்பட்டுவிட்டதால், இடித்த வீடுகளின் பழைய ஓடுகளையே தேடி வாங்கினோம். ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தோம். சந்தேகப்பட்டவற்றை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து நிறுத்தோம். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடித்தவை ஒதுக்கப்பட்டன. முகட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து. கூடல்வாய்த் தகரத்தை அகலமாக மடித்து, இருகரையிலும் ஓட்டை நாலு விரல் தள்ளி நிறுத்தச் செய்தோம், சருகு வழுக்கிப் போகும்படி.

சென்ற புரட்டாசியில் நாம் ஊரில் இருந்தோம். பேத்தி ஜன்னல்களை அடைத்தாள். லாத்தாவுக்கு இப்போது குனிய முடியாது. ஊஞ்சலில் அமர்ந்தபடி, "அங்கே பார், ஹவ்தைப் போல ஒரு வெளிச்சம்" என்று கைகாட்டினார். சுண்ணாம்புக் கட்டி நம் கையில். பதினொரு வட்டம் போட்டோம். அவள் பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில், தமிழ் எழுத்தில், பென்சிலாலேயே எழுதிக்கொண்டாள். மூன்றாம் கைமரத்தின் கீழே பொட்டு ஏதும் இல்லை; இருந்தாலும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல், மரம் புதிது, முதல் மழைக்குப் பின் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்தாள்.