சுமார் 150

டூசானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சவாரோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். அரிசோனாவின் சொனோரன் பாலைவனம். நாலைந்து கைகளைத் தூக்கியபடி ஏழெட்டு ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு சவாரோக் கள்ளியைக் காட்டி, "இதுக்குச் சுமார் 150 வயசிருக்குமாம்மா" என்றாள்.

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடைத்தாளில் 'சுமார்' என்று எழுதினால் மார்க் போடமாட்டேன். "யாருடி எண்ணிப் பார்த்தா?" என்றேன்.

"மரத்துக்கு வளையம் எண்ணுவாங்கல்ல, அதுமாதிரிதான்."

பத்தடி தள்ளி, பட்டுப்போன சவாரோ ஒன்று நின்றது. சதையெல்லாம் உதிர்ந்து, மூங்கில் கழிகளை வட்டமாக நட்டுவைத்தது போல உள்கூடு மட்டும் மிச்சம். எண்ணுவதற்கு வளையமே இல்லை. கள்ளியின் உள்ளே ஆண்டுக்கணக்கு கிடையாது. அப்படியானால் அந்த 150 எங்கிருந்து வந்தது? மீதி விடுமுறை இந்தக் கேள்வியிலேயே போயிற்று.

நூல் பிடித்துப் போனதில், டூசான் நகரை ஒட்டிய டுமாமோக் குன்றில் போய் நின்றேன். 1903இல் கார்னகி நிறுவனம் அங்கே ஒரு பாலைவன ஆய்வகம் கட்டியது. 1908இல் வோல்னி ஸ்பால்டிங் என்ற தாவரவியலாளர், குன்றின் சரிவுகளில் இருந்த சவாரோக்களைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறித்தார். அதே ஆண்டில்தான் இந்தச் செடிக்கு 'கார்னகியா' என்ற அறிவியல் பெயரும் வந்தது. ஆய்வகத்தில் சேர்ந்த ஃபாரஸ்ட் ஷ்ரீவ், 1910இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்.

ஆனால், ஒரு சவாரோ முளைத்து மடியும்வரை கூடவே இருந்து பார்க்க மனித ஆயுள் போதாது. அதற்கு ஒரு வழி இருந்தது. தெருவிலுள்ள குழந்தை, பையன், நடுவயதுக்காரர், கிழவர் எல்லாரையும் பத்து வருடம் கவனித்தால், ஒரு முழு ஆயுளை ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம் இல்லையா? அதேபோல, வெவ்வேறு உயரத்தில் இருக்கும் செடிகளை அளந்து, சில ஆண்டுகள் கழித்து அவற்றையே மறுபடி அளந்தார்கள்.

தைத்து வந்த கணக்கு என்னைத் திகைக்கவைத்தது. முதல் 8 ஆண்டுகளில் வளர்வது 1 முதல் 1½ அங்குலம். முதல் பூவுக்குச் சுமார் 35 வயது. முதல் கை முளைக்க 50 முதல் 70 ஆண்டு; வறண்ட இடமென்றால் 100கூட ஆகலாம். ஆயுள் 150 முதல் 200. ஏன் இவ்வளவு தாமதம்? பகலில் திறந்தால் தண்ணீர் போய்விடும் என்று, இந்தச் செடி இலைத்துளைகளை இரவில்தான் திறக்கிறது. இரவு சேர்த்த கொஞ்சம் கரியமில வாயுதான் மறுநாள் சாப்பாடு. மளமளவென்று வளர அது காணாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே உயரமுள்ள இரண்டு சவாரோவுக்கு ஒரே வயது என்று சொல்ல முடியாது. மழை கூடுதலாகப் பெய்யும் இடத்தில் இருப்பது முந்திக்கொள்ளும். அந்தந்த இடத்துக்குத் தனிக்கணக்கு வேண்டும். ஸ்பால்டிங் குறித்துவைத்த இடங்களை அடுத்தடுத்த தலைமுறைகள் அளந்துகொண்டே வந்தன. எலிசபெத் பியர்சனும் ரேமண்ட் டர்னரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, 85 ஆண்டுப் பதிவுகளின் மேல் நின்றது.

இன்னும் துல்லியமான கணக்கு ஒன்று செடியின் மேலேயே குத்திக்கொண்டிருந்தது. சவாரோ உயர்வது உச்சியில் மட்டுமே. முள் அங்கே பிறந்து, பிறந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் கீழ்முள் மூத்தது, மேல்முள் இளையது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14ஐப் பெருக்கிவிட்டன. ஒவ்வொரு முள்ளும் அது முளைத்த ஆண்டின் காற்றைப் பூட்டி வைத்திருந்தது. நேதன் இங்கிலிஷும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கார்பனை அளந்து முள்ளுக்கு ஆண்டு சொன்னார்கள். 2007இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

'விடை கிடைத்தது' என்று நிமிர்ந்தேன். பிறகுதான் உறைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்னால் முளைத்த முள்ளில் அந்த அடையாளம் இருக்காது. எங்கள் 150 வயதுக்காரரின் முதல் பாதிக்கு, டேப்பைப் பிடித்தவர்களின் கணக்குதான் கதி.

ஊருக்குக் கிளம்புமுன் மறுபடி பூங்காவுக்குப் போனோம். பாலோ வெர்டே மரத்து நிழலில், கட்டைவிரலின் முதல் கணு அளவில் ஒரு முள்ளுருண்டை. வெயிலும் பனியும் தாக்காமல் காக்கப் பெரும்பாலும் இப்படி ஒரு மரம் இருந்தால்தான் சவாரோக் குஞ்சு பிழைக்கும்.

"இதுக்கு என்னம்மா வயசிருக்கும்?" என்றாள் மகள்.

"சுமார் எட்டு" என்றேன்.