கார் தெருவில் ஒரு காரும் இல்லை!

'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட், திருநெல்வேலி டவுன்.' கடன் கேட்டு எங்கள் வங்கிக்கு வந்த விண்ணப்பத்தில் முகவரி இப்படித்தான் இருந்தது. வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டியது அடியேன். சென்னைப் புதுப்பேட்டையைப் பார்த்துப் பழகிய மூளையாச்சே! வரிசையாக செகண்ட் ஹாண்ட் கார்கள், கிரீஸ் கையோடு மெக்கானிக்குகள் என்று மனசுக்குள் ஒரு தெருவையே கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

ஜங்ஷனில் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எந்தக் கார் ஸ்ட்ரீட்டு? நாலு இருக்குல்லா?"

"அதாங்க, பழைய கார் எல்லாம் விப்பாங்களே..."

ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சிக்கு மெட்ராஸா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த மரியாதைதான் சுருக்கென்றது.

இறக்கிவிட்ட இடம் நெல்லையப்பர் கோயில் வாசல். கிழக்கு ரத வீதி! விண்ணப்பம் போட்டவர் ரிடையரான இங்கிலீஷ் வாத்தியார். காபி வந்ததும் சும்மா இருக்காமல், "தேர்த் தெருவைப் போய் கார் தெருன்னு எழுதியிருக்கானே சார், வெள்ளைக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாதோ?" என்று ஜோக்கடித்தேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தலையணை சைஸில் ஒரு டிக்‌ஷனரி இறங்கியது.

"லத்தீன்ல 'கர்ருஸ்'னா சக்கர வண்டி தம்பி. அதுல இருந்து வந்த 'கார்', இங்கிலீஷ்ல வண்டிக்கும் ரதத்துக்கும் எத்தனையோ நூறு வருஷமா இருக்கு. பென்ஸ் பெட்ரோல் வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கினது 1886-லதான். மோட்டார்தான் தேர்கிட்ட பேரைக் கடன் வாங்கிச்சு. சிதம்பரத்துலயும் கார் ஸ்ட்ரீட் உண்டு, மங்களூர்லயும் உண்டு. பூரி ஜகந்நாதர் தேரைப் பார்த்து மிரண்டுபோய் 'ஜக்கர்நாட்'னு ஒரு வார்த்தையையே சேத்துக்கிட்டான்லா?"

கடன் என்றதும் அவர் குரல் இறங்கியது. பேரன் படிப்புக்குப் பணம் வேண்டும். இருப்பது இந்த ஒரு வீடுதான்.

"கட்ட முடியலைன்னா தெருவுக்கு வந்துருவோம்னு வீட்ல பயப்படுதா. நான் சொன்னேன், 'ஆனியில சாமியே தெருவுக்குத்தானட்டி வாராரு'ன்னு."

உள்ளேயிருந்து, "சாமி நிலைக்குத் திரும்பிருவாரு. நாம எங்க திரும்ப?" என்று பதில் வந்தது. வாத்தியாரிடம் அதற்கு டிக்‌ஷனரி இல்லை.

பேச்சை மாற்றுவதற்காகத் தேரைப் பற்றிக் கேட்டேன். ஆனித் திருவிழாவில் ஐந்து தேர். பெரியது நெல்லையப்பருடையது. நாம் ஆபீஸில் ஒருவருக்கொருவர் போடுகிறோமே முட்டுக்கட்டை, அந்தக் கட்டை நிஜத்தில் அதன் சக்கரத்துக்கு அடியில்தான் போடுகிறார்கள். 2024-ல் வடம் ஒரு தடவை இல்லை, பல தடவை அறுந்ததாம். "ஜனம் விட்டுதா? திரும்ப வடத்தைக் கட்டி இழுத்துதுல்லா!" என்றார். சொல்லும்போது பார்வை உள் அறைப் பக்கம் போய் வந்தது.

சாயங்காலம் அதே தெருவில் இருட்டுக்கடை அல்வா வரிசையில் நின்றுகொண்டே ரிப்போர்ட்டைப் பூர்த்தி செய்தேன். கடைசியாக ஒரு கேள்வி. 'வீட்டின் முன் உள்ள சாலையில் கனரக வாகனம் செல்ல முடியுமா?'

'ஐந்து தேர் செல்லும்' என்று எழுதி, கடனுக்குச் சிபாரிசும் செய்து கையெழுத்துப் போட்டேன்.