மிரட்டலும் எச்சரிக்கையும்

'மினட்டரி' என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. பேச்சில் அதனைக் கேட்பது அரிது. எழுத்தில் எப்போதாவது எதிர்ப்படும். மிரட்டும் தன்மையுடையது என்பது பொருள். ஆளைக் காட்டிலும் அவனது பார்வை, குரல், நீட்டிய விரல் ஆகியவற்றுக்கே அதனை அடைமொழியாக்குவர். கறுத்துத் திரண்ட மேகத்துக்கும் அது பொருந்தும். எல்லாரும் அறிந்த 'மெனஸ்' என்னும் சொல் இதற்கு நெருங்கிய உறவு.

நம்மிடம் அரபு பயிலும் மாணவர் ஒருவர் இச்சொல்லுக்கு விளக்கம் கேட்டார். பொருளை மட்டும் கூறி அனுப்பியிருக்கலாம். ஆயின் வேரைக் காணாமல் ஒரு சொல்லை விட்டுவிட நமக்கு மனம் வருவதில்லை.

இலத்தீன் மொழியில் மிரட்டலைக் குறிக்கும் மூலச்சொல், மதிலின் உச்சியில் துருத்தி நிற்கும் பகுதியையும் குறித்தது. தலைக்கு மேல் நீண்டு, எப்போது விழுமோ என்று அஞ்ச வைப்பதே மிரட்டல். அரபியில் மிரட்டலுக்குத் 'தஹ்தீத்' என்று பெயர். அதன் வேராகிய 'ஹத்து', பேரொலியுடன் கட்டடத்தை இடித்து வீழ்த்துதலைக் குறிக்கும். இன உறவில்லாத இரு மொழிகளும் சுவரையே கண்டிருக்கின்றன! நம் தமிழோ மிரட்டப்படும் உயிரை நோக்கிற்று. மிரள் என்பதன் பிறவினையே மிரட்டு. வெருள் என்பதன் பிறவினையே வெருட்டு. மாடு மிரள்வதைக் கண்டோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

மிரட்டலையும் எச்சரிக்கையையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அரபு மொழி அவற்றைப் பிரித்தே வைத்துள்ளது. எச்சரிக்கை 'இன்தார்' எனப்படும், எச்சரிப்பவர் 'நதீர்'. திருமறை நபிமார்களை இப்பெயரால் அழைக்கின்றது. வழியில் பள்ளம் உண்டெனக் கூறுபவர் கேட்பவரின் நலனையே நாடுகிறார். மிரட்டுபவரோ தம் எண்ணம் நிறைவேறுவதையே நாடுகிறார். சட்டமும் நோக்கத்தையே பார்க்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 503ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவிலும், ஒருவரைக் கலங்கச் செய்யும் நோக்குடனோ அவர் கடமைப்படாத ஒன்றைச் செய்விக்கும் நோக்குடனோ தீங்கு செய்வதாக மிரட்டுவதைக் குற்றமாக்கின. வள்ளுவரோ வேந்தர்க்கே 'வெருவந்த செய்யாமை' என்று தனி அதிகாரம் வகுத்தார். திருக்குறளின் 57ஆம் அதிகாரம் அது.

வேந்தர்க்கு விலக்கியதை நம் இல்லங்களில் விலக்கினோமா? சோறுண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி, அடம் பிடித்தால் போலீஸ்காரர், அதற்கும் மசியாவிட்டால், "இரு, ஹஜ்ரத்திடம் சொல்கிறேன்!" நாம் பாடம் தொடங்கும் முன்னரே நம்மைப் பூச்சாண்டியாக்கி அனுப்பி விடுகின்றனர். அப்பிள்ளை நம் முன் அமர்ந்து 'ஐன்' என்ற எழுத்தை ஒலிக்க முயலும்போது, தொண்டையிலிருந்து எழ வேண்டிய ஒலி தொண்டையிலேயே அடைபட்டுவிடுகின்றது. அச்சத்தை அகற்றவே பல நாள் செலவாகின்றது; எழுத்து அதன் பின்னர்தான் வருகின்றது.

கண்டிக்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. நெருப்பு சுடும் என்பது எச்சரிக்கை. சூடு வைப்பேன் என்பது மிரட்டல். முன்னது பிள்ளைக்கு அறிவைத் தருகின்றது. பின்னது நம்மிடமிருந்து ஒளியக் கற்றுத் தருகின்றது. அரபியில் நன்மையை வாக்களிக்கும் 'வஃத்' என்பதும், தண்டனையை அறிவிக்கும் 'வஈத்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. அவ்விரண்டும் இணைந்தே ஒலிக்க வேண்டும்.

இன்னுமொன்று: மிரட்டலைக் குறித்த அந்த இலத்தீன் வேர், பிற்காலத்தில் மாடுகளை அதட்டி ஓட்டுவதைக் குறித்தது, பின்னர் பிரெஞ்சு மொழியில் 'வழிநடத்துதல்' என்னும் பொருளைப் பெற்றது. ஓட்டுவதிலிருந்து நடத்துவதற்கு ஒரு சொல்லே உயர்ந்திருக்கின்றது. பெற்றோரும் ஆசிரியரும் உயர முடியாதா?