ஏரிக்கடியில் ஒரு கிராமம்... மலை விளிம்பில் ஒரு சைக்கிள் பாதை!

தென்கிழக்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் இருக்கிறது மூஸ்தியே என்ற மலைக்கிராமம். அங்கே பொழுது விடியும்போது கேட்பது, ஊருக்கு நடுவே பாறைகளில் விழுந்து ஓடும் ஓடையின் ஓசை மட்டும்தான். அண்ணாந்து பார்த்தால், இரண்டு குன்றுகளுக்கு இடையே கட்டிய நீளமான சங்கிலியில் ஒரு நட்சத்திரம் தொங்குகிறது. சிலுவைப்போரில் சிறைபட்ட ஒரு வீரன், உயிரோடு ஊர் திரும்பினால் கட்டுவதாக நேர்ந்துகொண்டது அது என்பது ஊர்க்கதை.

இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போனால் கார்களும் சுற்றுலா வேன்களும் வரிசை கட்டிவிடும். அதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குக் காத்திருக்கிறது, ஐரோப்பாவின் மிக அழகான மலைச்சாலைகளில் ஒன்று.

சாலைக்குப் பக்கத்தில் ஓடுவது வெர்தோன் ஆறு. சுண்ணாம்புப் பாறையை லட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து அறுத்து, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பள்ளத்தாக்கை உருவாக்கியிருக்கிறது. சில இடங்களில் ஆழம் 700 மீட்டர். மேலிருந்து பார்த்தால் ஆறு ஒரு பச்சை நூல்போலத் தெரியும். பள்ளத்தாக்கின் வடகரையிலும் தென்கரையிலும் ஒவ்வொரு சாலை. இரண்டையும் இணைத்து ஒரு சுற்று வந்தால் சுமார் 100 கிலோமீட்டர். பழகியவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால்தான் கண்ணுக்கும் காலுக்கும் நல்லது.

எந்தப் பக்கம் சுற்றுவது?

பிரான்ஸில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். மூஸ்தியேவிலிருந்து வடகரையில் கிழக்கு நோக்கிப் போய், தென்கரை வழியாக மேற்கே திரும்பினால், பள்ளத்தாக்கு பெரும்பாலும் வலக்கைப் பக்கமே வரும். எதிர்வரும் வண்டிகளைக் கடக்காமல், நினைத்த இடத்தில் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். அதே காரணத்தால், உயரம் என்றால் தலைசுற்றுகிறவர்களுக்கு எதிர்த்திசைதான் நிம்மதி.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பிரெஞ்சுக்காரர்களின் கோடை விடுமுறைக் காலம். சாலைகளில் கூட்டம் நெரியும்; வெயிலும் சுட்டெரிக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே சைக்கிளுக்கு ஏற்றவை. பக்கத்திலுள்ள வலன்சோல் பீடபூமியின் லாவெண்டர் வயல்களையும் பார்க்க வேண்டுமானால் ஜூன் கடைசியில் போகலாம்.

வழியில் குகைப்பாதைகள் உண்டு. முன்னும் பின்னும் விளக்கு அவசியம். ஊர்களுக்கு வெளியே இரவிலோ மங்கிய வெளிச்சத்திலோ ஓட்டினால், ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும் என்பது சட்டம். சைக்கிளை முந்தும் கார்கள் ஊருக்குள் ஒரு மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பதும் அங்கே சட்டம்தான். கிராமத்துக் குழாய்களில் தண்ணீர் பிடிக்கும்முன் பலகையைக் கவனியுங்கள். 'நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் அது குடிக்க உகந்ததல்ல.

வாத்தியார் காட்டிய வழி

வடகரைச் சாலையின் முக்கியமான ஊர் லா பாலு. அங்கிருந்து பிரிகிறது 'ரூத் தெ கிரெத்' என்னும் முகட்டுச் சாலை. சுமார் 23 கிலோமீட்டர் சுற்றி, மறுபடியும் லா பாலுவுக்கே வந்து சேரும். 1,300 மீட்டர் உயரத்தைத் தொடும் இந்தச் சாலையின் ஒரு பகுதி ஒருவழிப் பாதை. அங்கே எதிரே கார் வரும் என்ற பயமே இல்லை. ஆனால், ஊரின் கிழக்குப் பக்கமாக ஏறினால்தான் முழுச் சுற்றும் வர முடியும். குளிர்காலத்தில் பனி காரணமாக மூடிவிடுவார்கள்.

ஓரத்துச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தால், காலுக்குக் கீழே பாறுக் கழுகுகள் வட்டமிடும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் இருக்கும். இங்கிருந்து அடியோடு மறைந்துபோன இனம் இது. 1999-ல் தொடங்கி, பக்கத்து ருகோன் கிராமத்தில் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பாறையிடுக்குகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு இங்கே இருப்பது, 20-ம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வெளியுலகில் பலருக்கும் தெரியாது. 1905-ல் எதுவார் ஆல்ஃப்ரே மார்த்தெல் என்ற குகை ஆய்வாளர் படகுகளோடு வந்து, உள்ளே இறங்கி ஆராய்ந்த பிறகுதான் புகழ் பரவியது. அவருக்குத் துணையாக வந்தவர் ருகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளான். இன்று ஆற்றையொட்டிப் போகும் நடைபாதைக்கு 'பிளான்-மார்த்தெல்' என்று இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

குண்டுக்கு ஆணியடித்த பெண்கள்

லா பாலுவுக்குக் கிழக்கே சாலை ஆற்றை நோக்கி இறங்கும். பிறகு த்ரிகான்ஸ் கிராமம் வழியாக மறுபடி ஏறினால் தென்கரை. முதலில் வருவது மெஸ்க்லா. ஆர்த்துபி என்ற சிற்றாறு வெர்தோனோடு கலக்கும் இடம். சற்றுத் தள்ளி, அதே ஆர்த்துபியின் மேல் 1938-40-ல் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம். சுமார் 180 மீட்டர் உயரமுள்ள அதிலிருந்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்க ஆள் வந்தபடி இருக்கிறார்கள். குதிக்க மனமில்லாதவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு மிதிக்கலாம்.

கடைசி ஏற்றம் வோமால் என்ற 1,200 மீட்டர் உயர வளைவோடு முடிகிறது. அங்கிருந்து எகீன் கிராமம்வரை இறக்கம்தான். எகீன் மரக்கடைசலுக்குப் பேர்போன ஊர். 'பெத்தாங்க்' என்ற குண்டு விளையாட்டுக்கான மரக்குண்டுகள் ஒரு காலத்தில் இங்கேதான் தயாராயின. ஆண்கள் கயிறு கட்டிப் பாறைச் சரிவுகளில் இறங்கி, 'பாக்ஸ்' என்ற கெட்டியான புதர்மரத்தின் வேர்களை வெட்டி எடுத்து வருவார்கள். கடைந்து உருட்டிய குண்டின் மேல், மரமே தெரியாதபடி நெருக்கமாக ஆணி அடிப்பது பெண்களின் வேலை. உலோகக் குண்டுகள் வந்ததும் அந்தத் தொழில் ஓய்ந்தது. அந்தக் கைவேலையை ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

தண்ணீருக்குள் போன ஊர்

எகீனைத் தாண்டி இறங்கினால் கண்முன்னே விரிகிறது சாந்த் குருவா ஏரி. சுமார் 22 சதுர கிலோமீட்டர் பரப்பு; பச்சையும் நீலமும் கலந்த நிறம். காலங்காலமாக இங்கேயே இருப்பதுபோலத்தான் தோன்றும். உண்மையில் அதற்கு வயது சுமார் 50. வெர்தோன் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1970-களின் முதல் பாதியில் நிரப்பிய நீர்த்தேக்கம் அது.

அந்தப் பள்ளத்தில் லெ சால் என்று ஒரு கிராமம் இருந்தது. வளமான வயல்களும் இருந்தன. அணைக்காக ஊரை முதலில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதன்பிறகு தண்ணீர் வந்தது. ஃபோந்தேன் லெவெக் என்ற பெரிய நீரூற்றும், ஒரு பழங்காலப் பாலமும்கூட உள்ளே போய்விட்டன. மக்களுக்காக மேட்டில் அதே பெயரில் புதிய கிராமம் எழுந்தது. குன்றின் சரிவில் இருந்த போதுவென் என்ற அண்டை ஊர் தப்பித்து, ஏரிக்கரை ஊராக மாறியது.

இழந்ததற்குப் பலன் இல்லாமல் இல்லை. அணையிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. வெர்தோனின் தண்ணீர் கால்வாய் வழியாக மார்செய், தூலோன் போன்ற நகரங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. தண்ணீர் வற்றாது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2022 கோடை வறட்சி ஒரு பாடம். ஏரியின் மட்டம் பல மீட்டர் இறங்கி, கரையில் வெடித்த சேறுதான் தெரிந்தது.

காரில் வருகிறவர்கள் நீச்சல் உடையோடு நேராகக் கரைக்குப் போய்விடுகிறார்கள். நூறு கிலோமீட்டர் மிதித்து வந்தவர்களுக்குக் கால் தானாகவே ஓய்வு கேட்கும். புதிய லெ சால் கிராமத்தில் ஒரு மரநிழல் பார்த்து உட்காரலாம். அங்கே தெருக்கள் நேராக, அகலமாக இருக்கின்றன. மூஸ்தியேவிலும் எகீனிலும் பார்த்த குறுகலான பழைய சந்துகள் இங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்கான பதில், எதிரே மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

இருட்டுவதற்குள் மூஸ்தியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். போகும் வழியில் கலெதா பாலத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். இரண்டு நாளாக எங்கோ ஆழத்தில் பச்சை நூலாகத் தெரிந்த ஆறு, பாறைகளுக்கு நடுவிலிருந்து வெளியேறிச் சத்தமில்லாமல் ஏரியில் கலப்பது அந்தப் பாலத்தின் அடியில்தான்.